நார்விச் வானொலி நரகமல்ல

ஸ்டீவ் கூகன் நடித்த பிரிட்டிஷ் நகைச்சுவைப் பாத்திரமான ஆலன் பார்ட்ரிட்ஜைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தொடங்குகிறார்கள். தேசியத் தொலைக்காட்சியில் சொந்தப் பெயரில் நிகழ்ச்சி நடத்தியவன். அது கைநழுவிப் போயிற்று. மனைவி பிரிந்தாள், வீடும் போயிற்று. நெடுஞ்சாலை ஓரத்து விடுதியில் அறை எடுத்துத் தங்கி, நார்விச் நகரத்து உள்ளூர் வானொலியில் விடியற்காலை நிகழ்ச்சி நடத்திப் பிழைக்கும் நிலைக்கு வந்துவிட்டான். 1997 நவம்பரிலும் டிசம்பரிலும் பி.பி.சி. 2 ஒளிபரப்பிய 'ஐ'ம் ஆலன் பார்ட்ரிட்ஜ்' தொடரின் சாரம் இதுதான் என்கிறார்கள். வீழ்ந்தவனின் அசட்டுத்தனத்தைப் பார்த்துச் சிரிப்பதுதான் அதன் நகைச்சுவை என்கிறார்கள். தொடரைக் கொண்டாடுகிறவர்கள் சொல்வதும் இதுதான். ஈவிரக்கமற்றது என்று அதை ஒதுக்குகிறவர்கள் சொல்வதும் இதேதான்.

இந்த வாசிப்பு தவறு என்பது என் கட்சி. இரு தரப்பாரும் கையில் வைத்திருக்கும் அளவுகோல் ஆலனுடையது. லண்டன் தொலைக்காட்சி மேலே, நார்விச் வானொலி கீழே. அங்கிருந்து இங்கே வந்தால் அது வீழ்ச்சி. இந்த ஏணியைத் தொடருக்குள் தூக்கிக்கொண்டு திரிகிறவன் ஆலன்தான். அவன் எதைக் கேட்டாலும் தப்பாகப் புரிந்துகொள்கிறான் என்று சிரிக்கும் நாம், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவன் சொல்வதை அப்படியே நம்பிவிடுகிறோம். தொடர் நம்பவில்லை. அதன் ஆறு பகுதிகளையும் வரிசையாகப் பார்த்தால் இது தெளிவாகவே தெரியும்.

முதலில் ஆலன் எங்கிருந்து வந்தான் என்பதைச் சொல்லிவிட வேண்டும். அவன் பிறந்ததே வானொலியில்தான். 1991இல் பி.பி.சி. ரேடியோ 4இல் அர்மாண்டோ இயனுச்சியும் கிறிஸ் மாரிஸும் உருவாக்கிய 'ஆன் தி ஹவர்' என்ற செய்திப் பகடி நிகழ்ச்சியில் விளையாட்டுச் செய்தியாளராக ஸ்டீவ் கூகனின் குரலில் அறிமுகமானான். 1992இல் அதே வானொலியில் அவனுக்கென்று ஓர் உரையாடல் நிகழ்ச்சி வந்தது. 1994இல் அது பி.பி.சி. 2 தொலைக்காட்சிக்குப் போயிற்று. அதன் கடைசிப் பகுதியில் ஆலன் கைதவறித் தன் விருந்தினர் ஒருவரையே சுட்டுக் கொன்றுவிடுகிறான். 1995 கிறிஸ்துமஸ் சிறப்பு நிகழ்ச்சியில், நிகழ்ச்சிகளைத் தேர்வு செய்யும் பி.பி.சி. அதிகாரி டோனி ஹேயர்ஸை நேரலையிலேயே தாக்குகிறான். 1997 தொடர் இதற்குப் பிறகு நடக்கும் கதை.

இந்த வரிசையிலேயே ஒரு விடை இருக்கிறது. ஆலனைப் படைத்தவர்களுக்கு வானொலி என்பது தாய்வீடு. இயனுச்சி பி.பி.சி. வானொலியில் தயாரிப்பாளராக இருந்து வளர்ந்தவர். மாரிஸ் பி.பி.சி.யின் கேம்பிரிட்ஜ்ஷயர், பிரிஸ்டல் உள்ளூர் வானொலிகளில் நிகழ்ச்சி நடத்தியவர். உள்ளூர் ஸ்டுடியோவின் மேசையும் மைக்கும் அங்கே விடியற்காலையில் தனியாக உட்கார்ந்திருப்பதும் எப்படிப்பட்டவை என்று அனுபவத்தில் அறிந்தவர்கள் இவர்கள். தாங்கள் தொழில் கற்ற இடத்தையே இவர்கள் நரகமாகச் சித்திரித்தார்கள் என்று சொல்ல ஆதாரம் வேண்டும். தொடரில் அந்த ஆதாரம் இல்லை.

இனி தொடருக்குள் போகலாம். ஆலனின் நிகழ்ச்சி 'அப் வித் தி பார்ட்ரிட்ஜ்' அதிகாலை 4.30க்குத் தொடங்கி 7 மணிக்கு முடிகிறது. முதல் பகுதியில் அவன் பி.பி.சி. உணவகத்தில் டோனி ஹேயர்ஸுடன் சாப்பிடப் போகிறான். தன் தொலைக்காட்சி நிகழ்ச்சி மறுபடி வரும் என்ற நம்பிக்கையோடு போகிறான். வராது என்று ஹேயர்ஸ் சொல்லிவிடுகிறார். உடனே ஆலன் கைப்பதிவுக் கருவியில் சேர்த்து வைத்திருந்த யோசனைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறான். ஒன்று நிராகரிக்கப்பட்டதும் அடுத்தது. கடைசியில் குரங்குகளை வைத்து டென்னிஸ் விளையாட்டு என்ற அளவுக்குப் போகிறான். அதுவும் எடுபடாமல் போகவே, மேசையில் இருந்த பாலாடைக்கட்டியை எடுத்து அதிகாரியின் முகத்தில் அழுத்துகிறான். பிரிட்டிஷ் நகைச்சுவை வரலாற்றில் அதிகம் பேசப்பட்ட காட்சிகளுள் ஒன்று இது. நாணிக் குறுகும் இந்தக் காட்சி நடப்பது லண்டனில், தொலைக்காட்சி அதிகாரியின் எதிரில். நார்விச்சில் அன்று காலை அவன் நிகழ்ச்சி ஒழுங்காக நடந்து முடிந்துதான் இருந்தது.

மற்ற பகுதிகளும் இப்படித்தான். இரண்டாம் பகுதியில் பணமுடை நெருக்குகிறது. தொலைக்காட்சி வாய்ப்பை நம்பித் தொடங்கிய பேர்ட்ரீ புரொடக்‌ஷன்ஸ் என்ற தயாரிப்பு நிறுவனத்தைத் தாங்க முடியாததே அதற்குக் காரணம். ஐந்தாம் பகுதியில் அயர்லாந்துத் தொலைக்காட்சிக்காரர்கள் இருவரைக் கவர வேண்டி, தனக்கு அழகான வீடு இருப்பதாகக் காட்டிக்கொள்ள ஒரு தீவிர ரசிகனின் வீட்டுக்கு அவர்களை அழைத்துப் போகிறான். அங்கே ஓர் அறை முழுக்கத் தன் படங்களாலேயே நிறைந்திருப்பதைக் கண்டு உயிர்தப்பி ஓடுகிறான். ஆறாம் பகுதியில் ஹேயர்ஸ் இறந்துவிடுகிறார். இழவு வீட்டில் ஆலன் அடுத்த அதிகாரியைப் பிடித்து ஒப்பந்தத்துக்குச் சம்மதம் வாங்குகிறான். அவரும் இறந்துபோக, பிணத்தின் கையைப் பிடித்துக் கையெழுத்துப் போட வைக்கிறான். அவனைக் கேவலப்படுத்தும் சம்பவங்கள் எதிலிருந்து முளைக்கின்றன என்று கவனியுங்கள். இந்த நான்கு பகுதிகளிலும் அவை தொலைக்காட்சிக்குத் திரும்பும் வெறியிலிருந்து முளைக்கின்றன. வானொலி அவனுக்குச் சம்பளம் தருகிறது, தினமும் இரண்டரை மணி நேரம் பேச இடம் தருகிறது, விழித்திருக்கும் மனிதர்களின் காதைத் தருகிறது. அவனை அழித்தது இது என்று சொல்பவர்கள் எந்தக் காட்சியைக் காட்டுவார்கள்?

மூன்றாம் பகுதியைக் காட்டலாம். ஆலன் நேரலையில் விவசாயிகளை இழிவாகப் பேசுகிறான். நார்விச் இருக்கும் நார்ஃபோக் உழவர்களின் மாவட்டம். கோதுமையும் பார்லியும் சர்க்கரை பீட்டும் விளையும் சமவெளி. அந்த மண்ணில், உழவர்கள் எழும் நேரத்தில், அவர்களையே தூற்றுகிறான். உழவர் தரப்பிலிருந்து ஒருவர் ஸ்டுடியோவுக்கு வந்து வாதிடுகிறார். அந்தப் பாத்திரத்தில் நடித்தவர் கிறிஸ் மாரிஸ். ஆலன் மன்னிப்புக் கேட்பதற்குப் பதிலாக மேலும் மேலும் அவதூறை அடுக்குகிறான். பிறகு அவன் ஒரு படகு நிறுவனத்துக்கு விளம்பரப் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது, உழவர்கள் பாலத்தின் மேலிருந்து செத்த மாட்டை அவன்மீது தள்ளிவிடுகிறார்கள்.

இந்தப் பகுதி என் வாதத்துக்கு எதிரானது என்று தோன்றலாம். எனக்கோ தொடரின் மையமே இங்கேதான் இருக்கிறது. தேசியத் தொலைக்காட்சியில் ஒருவன் விவசாயிகளைத் திட்டினால் கடிதங்கள் வரும், ஓர் அதிகாரி வருத்தம் தெரிவிப்பார், அத்தோடு முடியும். உள்ளூர் வானொலியில் திட்டினால் திட்டு வாங்கியவன் அடுத்த தெருவில் இருப்பான், அதே பாலத்தைக் கடப்பான். பேசுபவனும் கேட்பவனும் ஒரே மண்ணில் வாழ்கிறார்கள். பேச்சுக்குப் பொறுப்பு உண்டு. உள்ளூர் ஒலிபரப்பின் அடிப்படை அறம் இது. ஆலனுக்கு அது தெரியவில்லை. மாடு விழுந்தபோதும் தெரிந்ததாகத் தோன்றவில்லை.

ஏன் தெரியவில்லை என்பதற்கும் தொடரே விடை சொல்கிறது. அவன் தங்கியிருக்கும் லிண்டன் டிராவல் டேவர்ன் விடுதியை அவன் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அது லண்டனுக்கும் நார்விச்சுக்கும் சரிபாதித் தொலைவில் இருப்பது. நார்விச்சில் வேலை செய்கிறான், நார்விச்சில் குடியிருக்க மாட்டான். லண்டன் கூப்பிட்டால் உடனே போக வேண்டும். தன் குரலைக் கேட்டு விழிக்கும் ஊரில் ஒரு வாடகை வீடு எடுக்கக்கூட அவனுக்கு மனம் வரவில்லை. இந்த ஓர் ஏற்பாட்டில் தொடரை எழுதிய கூகன், இயனுச்சி, பீட்டர் பேய்ன்ஹம் மூவரும் ஒரு மனிதனின் முழு நோயையும் சொல்லிவிட்டார்கள். விமர்சகர்கள் சொல்லும் வீழ்ச்சி என்பது ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு வந்து சேர்வது. ஆலன் எங்கேயும் வந்து சேரவே இல்லை.

நான்காம் பகுதியை இந்த வெளிச்சத்தில் பார்த்தால் அதன் துயரமும் விளங்கும். அன்று ஆலனுக்குச் செய்ய எதுவுமில்லை. விடுதியில் சுற்றுகிறான், கார்க் கண்ணாடி கழுவும் திரவம் வாங்க நெடுஞ்சாலை ஓரமாகப் பெட்ரோல் நிலையத்துக்கு நடக்கிறான், சாலையில் வைத்திருந்த கூம்பைத் திருடுகிறான். தனிமைக்கு இதைவிடத் துல்லியமான அரை மணி நேரத்தை அந்தக் காலத்து பிரிட்டிஷ் நகைச்சுவையில் காண்பது அரிது. இதைப் பார்த்து, உள்ளூர் வானொலிக்காரனின் வாழ்க்கை இவ்வளவு வெறுமையானது என்று சொல்கிறவர்கள் உண்டு. அந்தப் பகல் வெறுமையாக இருப்பது, வராத ஒரு தொலைபேசி அழைப்புக்காக அவன் தன் பகல்களையெல்லாம் காலியாக வைத்திருப்பதால்தான்.

அடுத்ததாக, அவன் திறமையற்றவன் என்ற வாதம். விடியற்காலை நேரத்துக்குத்தான் லாயக்கு, அதனால்தான் அங்கே இருக்கிறான் என்பது. இப்படிச் சொல்கிறவர்கள் கூகன் மைக் முன்னால் செய்வதைக் கவனிக்காதவர்கள். நேரலை வானொலி எவ்வளவு கடினமான தொழில் என்று அறியாதவர்களும்கூட. பாட்டு முடியும் இடம் தெரிந்திருக்க வேண்டும். அடுத்த பாட்டின் முன்னிசை எத்தனை நொடி என்று தெரிந்து, பாடகர் வாய் திறப்பதற்கு முன் பேச்சை முடிக்க வேண்டும். இடையில் மணி சொல்ல வேண்டும், வானிலை சொல்ல வேண்டும், சாலை நெரிசல் சொல்ல வேண்டும், விளம்பரத்துக்கு இடம் விட வேண்டும். சில நொடிகள் ஒலி நின்றுபோனால் நிலையம் செத்துவிட்டது என்று நேயர் வேறு அலைவரிசைக்குப் போய்விடுவார். பல நிலையங்களில் மௌனத்தைக் கண்டுபிடிக்கவே தனிக் கருவி வைத்திருப்பார்கள். குறித்த நேரத்துக்கு மேல் ஒலி இல்லையென்றால் அது மாற்று ஒலிப்பதிவைத் தானாக ஓட விடும். அறிவிப்பாளன் இந்தப் பயத்தோடுதான் வேலை செய்கிறான். எதிரே யாரும் இல்லை. சிரிப்பும் இல்லை, கைதட்டலும் இல்லை. இருட்டில் யாரோ கேட்கிறார்கள் என்ற நம்பிக்கையை மட்டும் வைத்துப் பேசிக்கொண்டே போக வேண்டும்.

ஆலனால் இது முடிகிறது. வார்த்தை தடுமாறாமல் பேசுகிறான். ஒரு பாட்டிலிருந்து வழுக்கிக்கொண்டு நேயர் அழைப்புக்கும், அங்கிருந்து அற்பமான ஒரு செய்திக்கும், அதிலிருந்து அடுத்த பாட்டுக்கும் போகிறான். 'ஸ்பிட்டிங் இமேஜ்' பொம்மை நிகழ்ச்சிக்குப் பலருடைய குரல்களில் பேசிப் பயின்ற கூகன், வானொலிக்காரர்களின் ஏற்ற இறக்கத்தை, வாக்கியத்தின் நடுவில் எழும் அந்தப் போலி உற்சாகத்தை, பிசிறில்லாமல் பிடித்திருக்கிறார். இது தொழில் தெரிந்தவனின் பேச்சு. ஆலனின் குறை வேறு. அவனுக்குப் பேசத் தெரியும். காது கொடுக்கத் தெரியாது. அழைக்கும் நேயர் அவனுக்கு வாதத்தில் வீழ்த்த வேண்டிய எதிராளி, அல்லது தன் பேச்சுக்கு ஊன்றுகோல். அவர் என்ன சொல்ல வந்தார் என்பது ஒருபோதும் அவன் மனத்தில் பதிவதில்லை. தேசியத் தொலைக்காட்சியில் இதே குறையோடு அவன் ஒரு தொடரே நடத்தி முடித்தான். விருந்தினர் ஒருவர் செத்து விழும்வரை யாரும் அவனை நிறுத்தவில்லை. நார்விச் வானொலியில் அந்தக் குறை ஒரே வாரத்தில் அம்பலமாகிவிடுகிறது. எது கடினமான மேடை என்று இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி ஈவிரக்கமற்றது என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். மணமுறிந்த, தனித்த, நடுவயது மனிதனைப் பார்த்து மூன்று மணி நேரம் சிரிப்பது கொடுமை என்கிறார்கள். நியாயமான கவலை, அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் தொடரில் சிரிப்பு எங்கே எழுகிறது என்று பாருங்கள். ஆலனுக்கு லின் என்றொரு உதவியாளர் இருக்கிறாள். ஃபெலிசிட்டி மாண்டேகு நடித்த பாத்திரம். அவன் வேலைகளையெல்லாம் முடித்து வைப்பவள், பக்தியுள்ள பாப்டிஸ்ட் கிறிஸ்தவள், அம்மாவைப் பார்த்துக்கொண்டு வாழ்பவள். சொற்பச் சம்பளம் கொடுத்து அவளை வாட்டுகிறான். எதிரில் வைத்துக்கொண்டே மட்டம் தட்டுகிறான். விடுதியில் வேலை செய்யும் மைக்கேல் ராணுவத்தில் இருந்தவன், நியூகாசில் பேச்சு பேசுபவன். சைமன் கிரீனால் என்பவர் நடித்த பாத்திரம். மைக்கேல் தன் போர்க்கால நினைவுகளைச் சொல்ல வந்தால், ஆலனுக்கு அந்தப் பேச்சே சரியாகப் புரிவதில்லை. இவர்களைப் பார்த்து நாம் இளக்காரமாகச் சிரிக்கும்படி தொடர் எங்கும் எழுதப்படவில்லை. இவர்கள் அவனிடம் காட்டும் பொறுமையும் அதை அவன் உணராத தடித்தனமும் சேரும் இடத்தில்தான் நமக்குச் சிரிப்பு வருகிறது. எளியவனை வலியவன் நசுக்கும்போது சிரிக்க வைப்பதுதான் கொடுமையான நகைச்சுவை. இங்கே ஆலன் லின்னுக்கு எஜமானன். எஜமானனின் சிறுமையைக் காட்டுவது கொடுமையாகாது.

அவன் உண்மையிலேயே எளியவனாகும் இடங்களில் தொடரின் குரல் மாறுகிறது. ஹேயர்ஸின் முன்னால் ஒரு யோசனைக்குப் பின் இன்னொன்றாக அவன் அள்ளி வைக்கும்போது நம் சிரிப்போடு நெஞ்சும் அடைக்கிறது. வேலை கேட்டு வாசலில் நின்ற எவருக்கும் அந்த நிலை தெரியும். அதிகாரத்திடம் கெஞ்சும் ஆலனுக்காக வருந்தவும், அதிகாரம் செலுத்தும் ஆலனைக் கண்டு சிரிக்கவும் இந்தத் தொடர் நம்மைப் பழக்குகிறது. 1998இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சிக்கான பாஃப்டா விருதுகளில் சிறந்த நகைச்சுவை நிகழ்ச்சிக்கான விருதும் கூகனுக்கு நகைச்சுவை நடிப்புக்கான விருதும் கிடைத்தன. இந்த நுட்பத்துக்கு அவை பொருத்தமான மரியாதை.

மூன்றாவது குற்றச்சாட்டு, தலைநகரத்துக்காரர்கள் மாகாணத்தாரைக் கிண்டலடிக்கும் தொடர் என்பது. எழுதிய மூவரில் ஒருவரும் லண்டனில் பிறந்தவர் இல்லை. கூகன் மான்செஸ்டருக்கு அருகே மிடில்டனில் பிறந்தவர். இயனுச்சி கிளாஸ்கோவில் இத்தாலியக் குடும்பத்தில் பிறந்தவர். பீட்டர் பேய்ன்ஹம் கார்டிஃப்காரர், எழுத வருமுன் வணிகக் கப்பலில் வேலை பார்த்தவர். பிறப்பு மட்டும் ஒருவரைக் காப்பாற்றிவிடாது என்று சொன்னால், தொடரின் விவரங்களைப் பாருங்கள். ஆலன் நார்விச்சின் மையப் பகுதியில் வண்டிகளைத் தடைசெய்து நடைபாதையாக்குவதை எதிர்த்துப் புலம்புகிறான். ஒரு பெண்ணோடு படுக்கையில் இருக்கும்போதுகூடப் புலம்புகிறான். அந்த விவகாரம் கற்பனையிலிருந்து பறித்ததல்ல. நார்விச்சின் லண்டன் தெருவில் 1967இலேயே வண்டிகளை நிறுத்தி நடப்பவர்களுக்கு விட்டார்கள். பிரிட்டனில் அப்படி மாற்றப்பட்ட முதல் தெருக்களில் அதுவும் ஒன்று. மத்திய காலத்தில் இங்கிலாந்தின் இரண்டாவது பெரிய நகரம் நார்விச். 1970இல் மால்கம் பிராட்பரியும் ஆங்கஸ் வில்சனும் அங்குள்ள பல்கலைக்கழகத்தில் படைப்பிலக்கியப் பட்ட வகுப்பைத் தொடங்கினார்கள். இயன் மெக்இவனும் கசுவோ இஷிகுரோவும் அங்கே படித்தவர்கள். 2012இல் இங்கிலாந்தின் முதல் யுனெஸ்கோ இலக்கிய நகரமாக அது அறிவிக்கப்பட்டது. இவ்வளவும் காலடியில் இருக்க, ஆலனின் கண் லண்டன் உணவகத்தில் இருக்கிறது. சிறுமை யாருடையது? அந்த ஊருடையது என்று தொடர் ஒரு வரியிலும் சொல்லவில்லை.

கிண்டலடிக்கப்பட்டதாகச் சொல்லப்படும் நார்விச் மக்கள் என்ன செய்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 2013இல் ஆலனைப் பற்றிய திரைப்படம் 'ஆல்ஃபா பாப்பா' வெளிவந்தபோது, அதன் முதல் காட்சி தங்கள் ஊரில்தான் நடக்க வேண்டும் என்று இயக்கம் நடத்தினார்கள். அதன்படியே அது ஆங்லியா சதுக்கத்துத் திரையரங்கில் நடந்தது. லண்டன் லெஸ்டர் சதுக்கம் அதற்குப் பிறகுதான். 2020 செப்டம்பரில் ரசிகச் சிற்பிகள் இருவர் செய்த ஆலன் சிலையை நார்விச்சின் ஃபோரம் கட்டடத்துக்கு முன்னால் சில நாள் வைத்திருந்தார்கள். பி.பி.சி. ரேடியோ நார்ஃபோக் ஒலிபரப்பாவது அந்தக் கட்டடத்திலிருந்துதான். தன்னை இழிவுபடுத்தியவனுக்கு ஓர் ஊர் இப்படிச் செய்யாது.

எதிர்த்தரப்பில் உண்மையே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2002இல் வந்த இரண்டாம் தொடரில் ஆலன் வீடு கட்டிக்கொண்டே நடமாடும் வீட்டில் வாழ்கிறான், இரவு நிகழ்ச்சி நடத்துகிறான். அதில் சிரிப்பு பல இடங்களில் உரத்துப்போகிறது. அவனுடைய உக்ரேனியத் தோழி சோன்யாவை எழுத்தாளர்கள் போதிய அக்கறையோடு எழுதவில்லை. அவளுடைய அந்நிய உச்சரிப்பையும் பிள்ளைத்தனமான குறும்புகளையும் வைத்தே சிரிப்பை வரவழைக்கிறார்கள். அது மலிவான வேலை. ஆனாலும் அந்தக் குறைகளைக் கொண்டு 1997இன் ஆறு பகுதிகளை அளக்க முடியாது.

வீழ்ச்சிக் கதை என்ற வாசிப்பை அடியோடு உடைப்பது பின்னால் வந்தவைதான். எட்டு ஆண்டு இடைவெளிக்குப் பின் 2010இல் கூகன் ஆலனை மீண்டும் கொண்டுவந்தார். ராப், நீல் கிப்பன்ஸ் என்ற சகோதரர்களோடு எழுதினார். 'மிட் மார்னிங் மேட்டர்ஸ்' என்ற அந்தத் தொடரில் ஆலன் இருப்பது நார்த் நார்ஃபோக் டிஜிட்டல் என்னும் இன்னும் சிறிய நிலையத்தில். கேமரா ஸ்டுடியோவை விட்டு நகர்வதில்லை. மைக், மேசை, பக்கத்தில் டிம் கீ நடித்த சைமன் என்ற துணை அறிவிப்பாளன், அவ்வளவுதான். மேலிருந்து கீழே விழுவதுதான் இந்த நகைச்சுவையின் உயிர் என்றால், ஏணியின் அடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்ட ஆலனிடம் சிரிப்பு வற்றியிருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. ஆலனின் படைப்புகளில் அதற்குத் தனி இடம் கிடைத்தது. ஏனென்றால் அங்கே லண்டனை நோக்கிய ஓட்டம் குறைந்து, ஒரு மனிதன் தன் வேலையிடத்தில் இன்னொரு மனிதனோடு எப்படிப் பழகுகிறான் என்பது மட்டும் மிஞ்சியது. நார்விச் வானொலி நரகமல்ல என்று படைத்தவர்களே செய்து காட்டிய இடம் அது.

'ஆல்ஃபா பாப்பா' இன்னும் ஒரு படி போயிற்று. அந்த நிலையத்தை ஒரு பெருநிறுவனம் வாங்கிப் பெயரை மாற்றுகிறது. பழைய அறிவிப்பாளர் பேட் ஃபாரலின் வேலை போகும் நிலை. அவருக்காகப் பரிந்து பேச உள்ளே போன ஆலன், இருவரில் ஒருவர்தான் தங்க முடியும் என்று தெரிந்த கணத்தில், அவரை நீக்குங்கள் என்று தானே பலகையில் எழுதிவிடுகிறான். வேலையிழந்த ஃபாரல் துப்பாக்கியோடு வந்து நிலையத்தைப் பிடித்துக்கொள்கிறார். உள்ளூர் வானொலியை யார் கொல்கிறார்கள் என்ற கேள்வியை நேரடியாகக் கேட்ட படம் இது. நிறுவனத்தின் பேராசையும் உள்ளிருப்பவனின் கோழைத்தனமும் சேர்ந்துதான் கொல்கின்றன என்பது அது தந்த விடை.

இந்த விடையைப் பின்னால் வந்த ஆண்டுகள் மெய்ப்பித்தன. பிரிட்டனில் பி.பி.சி.யின் உள்ளூர் வானொலி 1967 நவம்பரில் லெஸ்டரில் தொடங்கியது. 1973இல் லண்டனில் எல்.பி.சி. தொடங்கியதிலிருந்து தனியார் உள்ளூர் நிலையங்கள் வந்தன. 1980இல் ரேடியோ நார்ஃபோக், 1984இல் நார்விச்சில் ரேடியோ பிராட்லேண்ட் என்று அந்த வட்டாரத்துக்கும் சொந்தக் குரல்கள் கிடைத்தன. பிராட்லேண்ட் 2009இல் 'ஹார்ட்' என்ற நாடளாவிய பெயருக்குள் கரைந்தது. 2018இல் ஒலிபரப்பு ஒழுங்காற்று அமைப்பான ஆஃப்காம், வார நாட்களின் பகல் வேளையில் உள்ளூரிலேயே தயாராக வேண்டிய நிகழ்ச்சிகளின் அளவை 7 மணி நேரத்திலிருந்து 3 மணி நேரமாகக் குறைத்தது. காலை நிகழ்ச்சி உள்ளூரிலிருந்துதான் வர வேண்டும் என்ற கட்டாயமும் போயிற்று. மறு ஆண்டே ஹார்ட் தன் ஊர்தோறும் நடந்த காலை நிகழ்ச்சிகளை நிறுத்திவிட்டு, லண்டனிலிருந்து ஒரே காலை நிகழ்ச்சியை இங்கிலாந்து முழுவதற்கும் அனுப்பத் தொடங்கியது. ஆலனின் நிலையத்தின் பெயரிலேயே 2006இல் உண்மையான ரேடியோ நார்விச் ஒன்று தொடங்கியிருந்தது. கற்பனை அறிவிப்பாளனுக்கு ஊர் சிலை வைத்த அதே 2020இல், உண்மை நிலையத்தின் பெயர் அலைவரிசையிலிருந்து நீங்கி 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ் ரேடியோ' என்ற பொதுப் பெயர் வந்தது. 2023இல் பி.பி.சி.யும் தன் உள்ளூர் நிலையங்களின் பிற்பகல் நிகழ்ச்சிகளைப் பல மாவட்டங்களுக்குப் பொதுவாக்கியது; ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தும் அது நிற்கவில்லை.

உள்ளூர் வானொலியை ஆலன் கேலிப்பொருளாக்கியதால்தான் அது அழிந்தது என்று பழி போடுகிறவர்களுக்கு இந்த வரிசையே பதில். விதிகளைத் தளர்த்தியவர்களும் நிலையங்களை வாங்கிக் கரைத்தவர்களும்தான் அதைச் செய்தார்கள். அவர்கள் கையில் இருந்ததும் அதே ஏணிதான்: பெரியது மேல், ஊர் கீழ். அறிவிப்பாளன் லண்டனில் இருந்தால் போதும், எல்லா ஊருக்கும் ஒரே காலை போதும் என்று கணக்குப் போட்டவர்களின் மனக்கணக்கும், சரிபாதித் தொலைவில் விடுதி பிடித்த ஆலனின் மனக்கணக்கும் ஒன்றே. 2013 டிசம்பரில் வட கடல் பொங்கி நார்ஃபோக் கரையில் ஹெம்ஸ்பியில் வீடுகளைக் கொண்டுபோனது. அப்படிப்பட்ட இரவில் எந்தச் சாலை மூடியிருக்கிறது, யார் வெளியேற வேண்டும் என்று ஊர்ப்பெயர்களைத் தெரிந்து சொல்லும் ஒரு குரல் வேண்டும். நாடளாவிய காலை நிகழ்ச்சியால் அது ஆகாது.

ஆகவே, தமிழில் இந்தத் தொடரைப் பற்றி எழுதுகிறவர்களுக்கும் இனி பார்க்கப்போகிறவர்களுக்கும் என் வேண்டுகோள் இது. ஆலன் பார்ட்ரிட்ஜை வீழ்ந்த நட்சத்திரம் என்று எழுதாதீர்கள். விடியற்காலை வானொலியை ஒரு தண்டனை என்று எழுதாதீர்கள். அப்படி எழுதும்போது, தெரியாமலேயே அவனுடைய கட்சியில் சேர்ந்துவிடுகிறோம். 4.30 மணிக்குப் பால் கறக்கப் போகிறவனும் லாரி ஓட்டுகிறவனும் இரவுப் பணி முடிந்து வரும் செவிலியும் ஒரு குரலுக்காக வானொலியைத் திருப்புகிறார்கள். அவர்களோடு பேசக் கிடைப்பது பெரிய வேலை. அந்த வேலை கையில் இருந்தும் அதைச் சிறியதென்று நினைத்தவனின் கதைதான் 'ஐ'ம் ஆலன் பார்ட்ரிட்ஜ்'. அவனை அந்தக் குற்றத்துக்காக மட்டும் விசாரியுங்கள். நார்விச் வானொலியை விடுதலை செய்துவிடுங்கள்.